ஆளுக்குப் பாதிக் கூரை

சூடு ஆறாத சிமெண்டுக்கு ஒரு வாசனை உண்டு. சணல் சாக்கும் சுட்ட மண்ணும் கலந்தது போன்ற அந்த வாசனை, மதுக்கரை சிமெண்ட் ஆலையிலிருந்து லாரிகள் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போதெல்லாம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். எழுபதுகளின் கடைசியில், அந்த லாரிகளை வேடிக்கை பார்த்தபடி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்கு, கண்ணெதிரே போகும் அந்தச் சரக்கில் ஒரு மூட்டையைக்கூட நாங்கள் கடையில் போய் வாங்கிவிட முடியாது என்பது விளங்கியதே இல்லை. சிமெண்ட் அன்று அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. விலையை அரசு வைக்கும். யாருக்கு எவ்வளவு என்பதைத் தாலுகா ஆபீஸ் சொல்லும். அந்த அனுமதிக்கு எங்கள் பக்கத்தில் "பர்மிட்" என்று பெயர். பர்மிட் வந்தவர்கள் வீடு கட்டினார்கள், மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

நாங்கள் காத்திருந்தவர்கள். மண் சாந்தில் சுவர்கள் எழும்பிவிட்டன, மேலே வானம்தான். சுவரை ஒட்டித் தகரம் போட்ட ஒரு "சாளை"யில் அம்மாவும் அப்பாவும் நானும் இருந்தோம். அப்பா பஞ்சாலையில் ஸ்பின்னிங் பிரிவில் வேலை பார்த்தார்; தொழிற்சங்கத்துக்காரர். இருப்பதை அரசு எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்தில் இல்லை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அம்மாவின் தம்பி, என் மாமா, கணபதியில் பம்ப்செட்டுக்கு வார்ப்பு வார்க்கும் சின்ன ஃபவுண்டரி வைத்திருந்தார். அவருக்கும் இரும்பு பர்மிட்டில்தான் வந்தது, அதுவும் பாதி மாதங்கள் வராது. அப்பாவின் நம்பிக்கையைக் கேட்டாலே அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். ஞாயிறுதோறும் கறிச்சாப்பாட்டுக்கு வருவார். சாப்பாட்டோடு இந்த வாதமும் பரிமாறப்படும்.

ஒருவழியாக பர்மிட் வந்தது, கேட்டதில் பாதி அளவுக்கு. எங்களுக்கு மட்டுமில்லை, எதிர்வீட்டு ரங்கசாமி பெரியப்பாவுக்கும் அப்படித்தான். அப்பாவோடு அதே ஆலையில் வேலை பார்த்த அவர், எங்களைப் போலவே சுவரை எழுப்பிவிட்டு நின்றிருந்தார். ஆபீசில் யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரையும் ஒதுக்கவுமில்லை என்பதை அப்பா பெருமையாகச் சொன்னார்.

"எல்லாத்துக்கும் பாதிங்க மாப்ளே. ஒருத்தனுக்குக் கூட, ஒருத்தனுக்குக் கொறையன்னு இல்லீங்க."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "சரிங்க மச்சான். பாதிக் கூரை போட முடியுங்களா?"

போட முடியாது. கான்கிரீட்டை ஒரே மூச்சில் ஊற்றி முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தி அப்புறம் சேர்த்தால் சேர்ந்த இடத்தில் ஒழுகும். அடுத்த பர்மிட்வரை மூட்டைகளை வைத்திருக்கவும் வழியில்லை. ஐப்பசி மழை நெருங்கிக்கொண்டிருந்தது, ஈரக்காற்றில் சிமெண்ட் கல்லாகிவிடும். பர்மிட் இல்லாமல் மூட்டை தரும் ஆள் தனக்குத் தெரியும், விலை மட்டும் பல மடங்கு என்று மாமா சொன்னார். அப்பா மறுத்தார்.

"அந்த வெலைக்கு நான் வாங்குனா, வாங்க முடியாதவன் காலத்துக்கும் ஊடு கட்ட முடியாதுங்க."

"வெலை ஏறுனாத்தானுங்க இன்னும் நாலு பேரு ஃபேக்டரி வைப்பான். அமுக்கி வெச்சா எவனுங்க வைப்பான்? இருக்கறதையே எல்லாரும் பிச்சுப் பிச்சுத் திங்க வேண்டீதுதான்."

"அவன் ஃபேக்டரி வெக்கறவரைக்கும் இல்லாதவன் மழையில நிக்கறதுங்களா?"

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மா குறுக்கிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கறதுக்குள்ள சிமெண்ட் கல்லாப் போயிருமுங்க. நம்முளுதையும் ரங்கசாமியண்ணன் ஊட்டுதையும் ஒட்டுக்காச் சேர்த்தா ஒரு கூரைக்கு ஆகும். அவிய புள்ள தலைப்பிரசவத்துக்கு வந்துருக்குது. மொதல்ல அவியளுக்குப் போட்டுரலாங்க. நான் பேசிப்போட்டேன்."

ஒருவர் பெயரில் வந்த சிமெண்டை இன்னொருவர் வீட்டுக்குக் கொடுப்பது சட்டப்படி குற்றம். ஆலை வாசலில் நின்று கள்ளச்சந்தைக்காரர்களைத் திட்டிப் பேசிய மனிதர் அப்பா. சாயங்காலம் சாளைக்குள் போனார். முதல் மூட்டையைத் தானே தோளில் ஏற்றிக்கொண்டு தெருவைக் கடந்தபோது, அவர் முகம் யாரையோ அடக்கம் செய்யப் போகிறவர் முகம் போலிருந்தது.

கூரை போட்ட அன்று தெருவே கூடியது. மாமா தன் ஃபவுண்டரியை மூடிவிட்டு ஆட்களைக் கூட்டிவந்தார். கைக்குக் கை சட்டி மாற்றி, பொழுது சாயும்முன் வேலை முடிந்தது. டீ குடிக்கும்போது மாமா சொன்னார்: "இருக்கறவன் குடுத்தான், வேணுங்கறவன் வாங்குனான், நடுவால ஆபீசர் இல்லீங்க. இதுக்குப் பேருதானுங்க மச்சான் சந்தை."

அப்பா டீயை ஊதிக்கொண்டே, "காசு வாங்காம, யாருக்கு அவசரமோ அவனுக்குக் குடுத்தமுங்க மாப்ளே. இதுக்குப் பேரு சோசலிசமுங்க" என்றார்.

அந்த வருஷம் மழை பலமாகப் பெய்தது. கூரையில்லாத எங்கள் சுவரில் ஒரு பக்கம் கரைந்து விழுந்தது. தகரத்தைக் காற்று கொண்டுபோனது. ஈரத் துணிகளை அம்மா பிழிந்த வேகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பெரியப்பா குடையோடு வந்து, "உங்க சிமெண்டுக்கு அடியில படுக்கறதுக்கு என்னத்துக்குங்க ரோசனை" என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துப் போனார். மழைக்காலம் முழுக்க இரண்டு குடும்பமும் அந்த ஒரு கூரைக்குக் கீழே இருந்தோம். குழந்தை அங்கேதான் பிறந்தது. தை பிறந்த பிறகு அடுத்த பர்மிட்டுகள் வந்தன, எங்கள் கூரையும் ஏறியது.

சில வருஷங்களில் கட்டுப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, பிறகு முழுவதும் போனது. முதலில் விலை ஏறியது. எங்கள் தெருக்கோடியில் மாரப்பன் என்பவரின் வீடு, அந்த விலை கொடுக்க முடியாமல் சுவரோடு நின்றுபோய், மழையில் இடிந்தது. அப்புறம் புதிய சிமெண்ட் ஆலைகள் வந்தன, கடைகளில் மூட்டைகள் கூரை உயரத்துக்கு அட்டியல் போட்டு அடுக்கி நின்றன. "நான் சொன்னது நடந்துதுங்களா?" என்று மாமா கேட்டபோது அப்பா மறுக்கவில்லை. "நடந்துதுங்க. மாரப்பனுக்குத்தான் அதுவரைக்கும் தாங்குல" என்றார்.

பின்னால் அப்பாவின் ஆலை மூடப்பட்டது. அதற்குச் சில வருஷம் கழித்து, வெளியிலிருந்து மலிவாக வந்த வார்ப்புகளோடு போட்டி போட முடியாமல் மாமாவின் ஃபவுண்டரியும் நின்றது. "நான் கும்புட்ட சாமியே என்னைய மிதிச்சுப்போட்டுதுங்க மச்சான்" என்று மாமா சொன்ன அன்று, வாதத்தில் ஜெயிக்க அப்பாவுக்கு நல்ல வாய்ப்பு. அவர் அதைத் தொடவில்லை. அதன்பின் தினமும் காலையில் பஸ் ஏறி கணபதிக்குப் போய் மாமாவோடு உட்கார்ந்துவிட்டு வந்தார். மாமா தெளிந்து மறுபடி வாதாட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் போக்குவரத்து குறைந்தது. மாமா காலமானதும் செய்தித்தாள் பிரிக்காமலே கிடந்தது. ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். "படிச்சுப்போட்டு யாருகிட்டக் கண்ணு பேசறது" என்றார்.

அப்பாவும் இன்றில்லை. போன மாதம் அந்த வீட்டின் காம்பவுண்டுச் சுவரை எடுத்துக் கட்டினோம். என் மகன் ஃபோனிலேயே கடைக்குச் சொன்னான். நான் காபி குடித்து முடிப்பதற்குள் மூட்டைகள் வாசலில் இறங்கின. எந்த ஆபீசுக்கும் போகவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. பழைய தட்டுப்பாடு திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எதிர்வீட்டில் இப்போது இருப்பவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவர்கள் வீட்டு மாடியில் கட்டுமானம் பாதியில் நிற்கிறது, கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஏன் நின்றது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.