பாதி மாத்திரை

பாயான் பாரு தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வேலை போன ஐரீன், ஒரு சுகாதாரச் சங்கத்தில் சேர்ந்தாள். சூலியா தெருவுக்குப் பின்னால், மாடி அறைகளில் தொழில் செய்யும் வெளிநாட்டுப் பெண்களுக்கு ஆணுறை கொடுப்பது, நோய்களைப் பற்றிச் சொல்லித்தருவது, கிளினிக்குக்குக் கூட்டிப்போவது அவள் வேலை. விஷயம் தெரிந்ததும் சர்ச்சில் பக்கத்துப் பெஞ்சுக்காரிகள் தள்ளி உட்கார்ந்தார்கள். உட்காரட்டும், அவளுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

அந்தப் பெண்களிடம் அவள் அடித்துச் சொல்வது ஒன்றுதான்: "இங்க உங்களுக்கு யாரும் இல்ல. ஒருத்திக்கு ஒருத்திதான் துணை."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

துளசி தஞ்சாவூர்க்காரி. சாப்பாட்டுக்கடை வேலை என்று ஏஜெண்டு ஏமாற்றிக் கொண்டுவந்தவள். அவளுக்கு மேகநோய், அதாவது சிபிலிஸ், என்று தெரிந்து கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் நோய் அப்படியே இருந்தது.

"ஒழுங்கா சாப்பிட்டியா?" என்றாள் ஐரீன்.

"பாதிய எங்க ரூம் ரொஸ்னாவுக்குக் குடுத்துட்டேன்க்கா. அவளுக்கும் இதேதான். இமிகிரேசன் பிடிச்சிடும்னு வெளியவே வர மாட்டேங்கிறா. நீங்கதானே துணையா இருக்கச் சொன்னீங்க?"

சோற்றைப் பங்கிடுகிற மாதிரி மருந்தையும் பங்கிட்டிருந்தார்கள். பாதி மருந்தில் யாருக்கும் குணமாகாது. அதிலும் மேடானிலிருந்து வந்த ரொஸ்னா பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்கு ஊசிதான் போடவேண்டும். ஐரீன் துளசியை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, ரொஸ்னாவைத் தன் காடியில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். வயிற்றுக்குள் குழந்தை இறந்துபோயிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனால் பாஸ்போர்ட் கேட்பார்கள், ரொஸ்னாவிடம் அது இல்லை. போகாவிட்டால் தாயும் போய்விடுவாள். போனார்கள், கேட்டார்கள். குழந்தையை எடுத்த பிறகு வார்டு வாசலில் இமிகிரேசன் அதிகாரிகள் வந்து நின்றார்கள்.

ரொஸ்னா ஐரீனின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் கெஞ்சினாள். "துளசிகிட்டச் சொல்லிடாதீங்க, காக், அக்கா. பிள்ளை பொழைச்சிடுச்சு, ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னு சொல்லுங்க. அவ தாங்க மாட்டா."

ஐரீனுக்கும் மனசு கேட்கவில்லை. மாடிக்குப் போய் அப்படியே சொன்னாள். துளசி அழுதுகொண்டே சிரித்தாள்.

"பாத்தீங்களா? பாதியே போதுமாயிருக்கு லா! என்னைச் சும்மா திட்டிட்டீங்களே, அக்கா."

அந்தச் சந்தோஷத்தில், கிளினிக்கில் தனக்குப் புதிதாகக் கொடுத்திருந்த மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, அதே நோயோடு அறைக்குப் புதிதாக வந்திருந்த காமாரியாவிடம் பாதியை நீட்டினாள்.

ஐரீன் அந்தக் கையைப் பிடித்தாள்.

"குடுக்காத, துளசி. ரொஸ்னா பிள்ளை செத்துடுச்சு."