விரிப்பில் வைத்த கறுப்புப் பொட்டு

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது — கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து — ஏழு. ஏழு பேரும் தவழ்ந்தது என் கைத்தையல் மேல்தான். எதற்கு இந்தப் பெருமை என்கிறீர்களா? போன ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில், வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது, எனக்குக் கண் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்!

சொன்னது வேறு யாருமில்லை. என் மகள் வயிற்றுப் பேத்தி கவிதா.

அவள் பெண் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். குழந்தை விளையாட ஒரு விரிப்பு வேண்டும் என்று செல்போனில் வீடியோ காட்டினாள். ஃபெல்ட் துணி. பார்த்திருக்கிறீர்களா? தறியில் நெய்யாத துணி. கம்பளி மாதிரி மெத்தென்று இருக்கும். எப்படி வெட்டினாலும் ஓரத்தில் நூல் பிரியாது. அதில் மரம், வீடு, வண்டி என்று வெட்டி, ஒரு பெரிய துணிமேல் பசை தடவி ஒட்டுகிறாள் அந்த வீடியோக்காரி.

பசையா? கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயதுக்கு?

சேலம் கடைவீதியில் துணி வாங்கி வரச் சொன்னேன். ஒவ்வொரு துண்டுக்கும் சுற்றிலும், சட்டைப் பொத்தான் ஓட்டைக்குப் போடுகிற மாதிரி நெருக்கமாகக் காஜா தையல் போட்டேன். பதினெட்டு நாள். பச்சை வயல், சாம்பல் ரோடு, ஒரு மாடு, இரண்டு கோழி, ஒரு சிவப்பு லாரி. வீடியோவில் லாரிக்கு இரண்டு சக்கரம். பத்து வீல் வண்டியைப் பக்கவாட்டில் பார்த்தால் மூன்று தெரிய வேண்டாமா? மூன்று வைத்தேன். லாரிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இதுகூடத் தெரியாதா...

முடித்து விரித்துப் பார்த்தேன். என் கண்ணே பட்டுவிடும்போல இருந்தது. உடனே ஒரு மூலையில், மாட்டுக்குப் பக்கத்தில், கறுப்புத் துணியில் ஒரு திருஷ்டிப் பொட்டு வெட்டித் தைத்தேன். கொஞ்சம் கோணலாக. கோணலாகத்தான் வைக்க வேண்டும்.

பிறந்தநாளன்று விரிப்பைச் சுற்றிக் கூட்டம். கவிதாவோடு வேலை பார்க்கும் ஒரு பெண் குனிந்து பார்த்தாள்.

“ஏனுங்க கவிதா, ஆன்லைன்ல வாங்குனீங்களா? சூப்பரா இருக்குதுங்க. இந்த மூலைல மட்டும் ஏதோ கறை... டேமேஜ் பீஸத் தள்ளி உட்டுட்டானுங்களா?”

“அய்யோ, இல்லீங்க. எங்க அம்மாயி கையில தச்சது. வயசாயிருச்சுல்லீங்க... கண்ணு சரியாத் தெரியறதில்ல” என்று சொல்லி, ஒரு கரடி பொம்மையை எடுத்துப் பொட்டின்மேல் உட்கார வைத்தாள் கவிதா.

எனக்கா? இன்றைக்கும் கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோக்கிற எனக்கா?

“இங்க வா சாமி” என்றேன். “உம் பொண்ணு கன்னத்துல என்ன?”

“மைப்பொட்டு அம்மாயி.”

“ஆரு வெச்சது?”

“நாந்தான்.”

“ஏன், உனக்குங் கண்ணு தெரியலயா?”

யாரோ சிரித்தார்கள். கவிதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “எல்லாரும் இருக்கறப்ப எதுக்கு அம்மாயி... நாளைக்கு அதப் பிரிச்சு எடுத்தர்லாம், உடுங்க” என்றாள்.

பிரிப்பதாமே!

புது வீடு கட்டினால் வாசலில் பூசணிக்காய். புது லாரி எடுத்தால் முன்னால் எலுமிச்சையும் மிளகாயும். அதையெல்லாம் டேமேஜ் என்கிறோமா? கடைச் சாமானில் ஒரு கோணல் இருந்தால் கம்பெனியின் தவறு. வயதானவள் செய்ததில் இருந்தால் கண்ணின் தவறு. வேண்டுமென்றே வைத்திருப்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையே! பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன் — ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

குழந்தையை விரிப்பில் இறக்கிவிட்டார்கள். அது மாட்டைப் பார்க்கவில்லை. லாரியையும் பார்க்கவில்லை. (அதில் எனக்கு வருத்தம்தான்.) நேராகத் தவழ்ந்துபோய்க் கரடியைக் காதைப் பிடித்து இழுத்துத் தள்ளியது. கறுப்புப் பொட்டை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளி எடுக்கப் பார்த்தது. வரவில்லை. குனிந்து வாய் வைத்துக் கடித்து இழுத்தது. அப்போதும் வரவில்லை.

பசை போட்டு ஒட்டியிருந்தால் இந்நேரம் தொண்டைக்குள் போயிருக்கும்.

கவிதா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கரடியை எடுத்து அலமாரியில் வைத்தாள். பொட்டு இன்றும் அங்கேயே இருக்கிறது.

இதையெல்லாம் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள் நான், பிழை இருக்கும். அதைச் சரிபார்க்க வந்து உட்கார்ந்திருப்பவளும் கவிதாதான்.

“படி சாமி, கேக்கறேன். அந்தக் ‘கண்ணு தெரியறதில்ல’ங்கற எடத்த மட்டும் கொஞ்சம் சத்தமாப் படி.”