முழங்கால் உயரத்து முடிச்சு

"தேயிலையத் தவிர வேற எந்த மரத்த தங்கச்சிக்கு அடையாளம் தெரியும்?"

நக்கிள்ஸ் மலைக் காப்புக்காட்டின் நுழைவாயிலில், ஐந்தாறு பேர் கேட்கும்படி, தலைமை வழிகாட்டி என்னிடம் இப்படிக் கேட்டார். நான் அங்கே டிக்கட் கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். மலைக்குள் ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஆக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கான தேர்வுக்கு அவர் பெயர் கொடுத்தால்தான் கூப்பிடுவார்கள். அன்று காலை என் பெயரையும் கொடுக்கும்படி கேட்டிருந்தேன். அதற்கு வந்த பதில்தான் இது.

"கொழுந்துக் கூடையோட அனுப்புங்க சேர், வெள்ளைக்காரன் போட்டோ எடுப்பான்" என்றான் ஒரு வேன் சாரதி. எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் சேர் என்று கூப்பிடும் அந்தத் தலைமை வழிகாட்டிதான் கடைசியாகச் சிரிப்பை நிறுத்தினார். அதை நான் மறக்கவில்லை, மறக்க முயற்சிக்கவும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அம்மா கொழுந்தெடுக்கிறார், அப்பா செடிகளை மட்டமாகக் கவ்வாத்து வெட்டுகிறார். இருவருக்கும் கையெழுத்துப் போட வராது. அவர்களுடைய மகள் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துப் பரீட்சையில் சித்தியடைந்தவள். சேர் கண்டி டவுன்காரர், பட்டம் பெற்றவர், நன்றாகப் பேசுவார். அவர் பேசுவதைக் கேட்டால் காடு அவர் வீட்டுக் கொல்லை என்று தோன்றும்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு, வாசலைப் பூட்டியதும் கடைசி பஸ் வரும்வரை நான் தினமும் காட்டுக்குள் நடந்தேன். கீழே ஓடையோரம் மரங்கள் நெடுநெடுவென்று நிற்கும். அவற்றின் நிழலில், யாரும் பறிக்காத பழைய ஏலக்காய்ச் செடிகள் புதராகக் கிடக்கும். மேலே ஏற ஏற மரங்கள் குட்டையாகும். முகட்டில் அடிக்கிற காற்றில் அவை என் தோள் உயரத்துக்கு மேல் வளர்வதில்லை. முறுக்கிக்கொண்டு, பாசியைப் போர்த்திக்கொண்டு நிற்கும். மூக்கின் நுனியில் இலை முளைத்ததுபோல் ஒரு ஓணான் அங்கே உண்டு. முதல் தடவை அது என்னை முறைத்தது, நானும் முறைத்தேன். ஈர மண்ணில் மரை மானின் குளம்படி கிடந்தால் அது எந்தப் பக்கம் போனது என்று பார்த்துப் பழகினேன். அட்டை கடித்த இடமெல்லாம் சொறிந்து சொறிந்து கால் புண்ணாகியது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த தாவரக் குடும்பப் பெயர்களை ஒவ்வொரு மரத்திலும் பொருத்திப் பார்த்தேன்.

முகட்டுக்குக் கீழே பாதை வளைகிற இடத்தில் சேருடைய மரம் இருந்தது. கூட்டிப்போகிற எல்லாரையும் அதன் முன்னால் நிறுத்துவார். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். அடிமரம் முழங்கால் உயரத்தில் பெரிய முடிச்சாகத் திரண்டு, அதற்கு மேல் ஐந்தாறு கிளைகளாகப் பிரிந்து வீட்டுக் கூரைக்கு மேல் உயர்ந்திருந்தது. "இந்த மலைக்கே சொந்தமான மரம். இந்த முடிச்சு காத்து செஞ்ச வேலை" என்பார்.

நான் அதை முதல் தடவை பார்த்தபோதே முடிச்சின் உயரத்தை என் முழங்காலோடு வைத்து அளந்தேன். அப்பா வாழ்நாள் முழுக்க வெட்டுகிற உயரம் அது. சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை அந்த மட்டத்தில் வெட்டுவார்கள். வெட்ட வெட்ட அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வீங்கும். காடு காப்புக்காடாகும் முன்னால் அந்தச் சரிவு தேயிலைத் தோட்டமாக இருந்தது. கைவிட்ட பிறகு வெட்ட ஆளில்லாமல் செடி மரமாகிவிட்டது. வெட்டாத தேயிலையை சேர் பார்த்ததே இல்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால், அடுத்த வாரம் தானே கண்டுபிடித்ததுபோல் பேசியிருப்பார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மரத்துக்கு அவர் மூன்று மொழியில் பலகை வைத்தபோது, என் எழுத்து அழகு என்று தமிழ்ப் பகுதியை என்னிடம் கொடுத்தார். "இம்மலைக்கே உரிய அரிய மரம்" என்று ஒரு பிழையும் இல்லாமல் தீட்டிக் கொடுத்தேன். பலகை பெரிதாக இருப்பது நல்லது என்று சொல்லி, ஆணியையும் எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு ஒரு காற்று நாளில் அந்த மரத்தின் கிளையொன்று முறிந்து பாதையில் விழுந்தது. ஒதுக்கிப் போடும்படி சேர் என்னிடம் சொன்னார். ஒதுக்கினேன். நுனிக் கொழுந்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"என்னாடி இது, இவ்வளவு கொழுந்து?" என்றார் அம்மா.

"ஒரு ஆளுக்கு விருந்து வைக்கணும்."

"யாருக்கு?"

"உங்க மகளப் பாத்துச் சிரிச்ச ஆளுக்கு."

அம்மா ஒரு கொழுந்தைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். பிறகு, "அப்ப நல்லா வாட விடு. இல்லன்னா பச்ச வாடை அடிக்கும்" என்றார்.

வாட விட்டேன், கையால் கசக்கினேன், கறுக்க வைத்து, சட்டியில் வறுத்தேன். கண்டியிலிருந்து வன இலாகாவின் பெரிய அதிகாரியம்மா ஆட்களோடு வருகிற நாளுக்காக அதை ஒரு டின்னில் மூடி வைத்தேன்.

அந்த நாளில் சோற்றுப் பார்சலையும் ஃபிளாஸ்கையும் தூக்கிக்கொண்டு கடைசியாக நடந்தது நான். சேர் மரத்தைப் பற்றிப் பேசி முடித்ததும் எல்லாருக்கும் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன், கடிக்கக் கித்துள் கருப்பட்டியும். குளிருக்கு இதமாக இருந்தது. சேர் இரண்டாவது கோப்பையும் கேட்டார்.

"அருமையா இருக்கே. எந்தத் தோட்டத்துத் தூள் தங்கச்சி?"

"இந்தத் தோட்டம்தான் சேர். இந்த மரம்தான்."

"பகிடி பண்ணாத" என்றார்.

நான் குனிந்து அடியில் மூடியிருந்த பன்னச் செடிகளை விலக்கினேன். முடிச்சில் பழைய கத்தி வெட்டுகள் மேடாகத் தெரிந்தன. சரிவில் கையை நீட்டிக் காட்டினேன். அதே உயரத்தில், அதே இடைவெளியில், வரிசையாக இன்னும் பல முடிச்சுகள். கீழே கிடந்த காயொன்றைப் பிளந்தேன். உருண்டையாக மூன்று விதைகள். சிறு வயதில் நாங்கள் கோலிக்குண்டு விளையாடியது இந்தத் தேயிலை விதைகளால்தான். எல்லாவற்றையும் அதிகாரியம்மாவுக்காகச் சிங்களத்திலும் சொன்னேன். அதிகாரியம்மா முடிச்சைத் தடவிப் பார்த்தார், கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சிரிப்பு சேருடைய முகத்தில் இறங்குவதை நான் நிதானமாகப் பார்த்தேன்.

"காப்புக்காட்டுல இலை பறிக்கிறது குற்றம்னு தெரியாதா?" என்றார் சேர்.

"பறிக்கல்ல சேர். முறிஞ்ச கிளை. ஒதுக்கச் சொன்னது நீங்கதான்."

"தெரிஞ்சிருந்தா ஏன் முந்தியே சொல்லல்ல? பலகையில எழுதினதே நீதானே."

"நீங்க கேக்கல்லயே சேர். எனக்குத் தேயிலை மட்டும்தான் தெரியும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

அதிகாரியம்மா என் பக்கம் திரும்பி, வேறு மரங்களும் தெரியுமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் என் கால் அத்தனை அட்டைக்கும் இரத்தம் கொடுத்திருந்தது. அந்தப் பலகை தொங்க வேண்டிய உண்மையான மரம் ஓடைக்கு அப்பால் நிற்கிறது என்றேன். தேயிலைக்கு உறவு, இந்த நாட்டுக்கே உரியது, பூவும் வெள்ளை. ஆனால் அதன் காய் நீண்டு கட்டையாக இருக்கும், விதைக்கு இறகு உண்டு. வழியில் கீனா மரத்தையும் காட்டு ஜாதிக்காயையும் காட்டிக்கொண்டே கூட்டிப்போனேன். அன்றுதான் முதல் தடவையாக முன்னால் நடந்தேன். ஃபிளாஸ்க் பையை மரத்தடியிலேயே விட்டுவிட்டேன். யாரையும் தூக்கச் சொல்லவில்லை. சேர்தான் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தார்.

தேர்வுக்கு என் பெயரை அதிகாரியம்மாவே கொடுத்தார். சித்தியடைந்தேன். சேர் இன்னமும் தலைமை வழிகாட்டிதான். பலகையைக் கழற்ற ஏணியோடு போனவரைத் தடுத்தது நான். வருகிறவர்கள் ஒரு பிழையையும் பார்த்துப் படிக்கட்டும் என்று அதிகாரியம்மாவிடம் கேட்டேன், அவரும் சம்மதித்தார். "சின்ன விசயம். மன்னிச்சு விட்டிருக்கலாம்" என்றார் சேர். விட்டிருக்கலாம்தான்.

இன்று காலை என் முதல் கூட்டம் வந்தது. டிக்கட் மேசையில் ஆள் இல்லாததால் அங்கே சேர் உட்கார்ந்திருந்தார். அவர் கையாலேயே டிக்கட் வாங்கிக் கொடுத்து, அவர்களை மேலே கூட்டிப்போனேன். பாதை வளைகிற இடத்தில் நிறுத்தி, பலகையை உரக்க வாசிக்கச் சொன்னேன். அவர்கள் வாசித்து முடிக்கும் முன்பே ஃபிளாஸ்கைத் திறந்துவிட்டேன்.