துவானுக்குப் போட்ட மாலை

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிதில் மலாக்காவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் காரோட்டியாக இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதுவே பெரிய வேலை. எங்கள் துவான், அதாவது துரை, கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைச் சோதிக்கும் அதிகாரி. வெள்ளைக்காரர் விட்டுப்போன நாற்காலிக்கு வந்த மலாய்க்காரர். வேறோர் ஊரில் ஒரு சங்கம் பொய்க்கணக்குக் காட்டிக் கவிழ்ந்த பிறகு, எல்லாச் சங்கங்களையும் சோதிக்கும்படி மேலிடத்து உத்தரவு.

காஜா பேராங் வட்டாரத்தில் எங்கள் ஆட்கள் பணம் போட்டுவைக்கும் நாணயச் சங்கமும் அதில் ஒன்று. ரப்பர்த் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது கிடைத்த நட்டஈட்டை என் அக்கா அதில்தான் போட்டிருந்தாள். வீடு வாங்க அந்தப் பணத்தைக் கேட்டால், "அடுத்த மாசம்" என்றே செயலாளர் இழுத்துக்கொண்டிருந்தார். கணக்கோ பார்க்க அழகாக இருந்தது. விசாரணை வைக்க, உறுப்பினர்கள் கூட்டத்தில் கைதூக்கிக் கேட்க வேண்டுமாம்; துவானாகத் தொடங்க முடியாதாம். அந்தச் சட்டத்தை எழுதியவர் ஒருநாளாவது எங்கள் மண்டபத்தில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

அக்கா முதலில் கைதூக்குவது, அவளோடு ஒரே வரிசையில் உட்காரும் பெண்கள் தொடர்வது என்று பேச்சு.

கூட்டத்தன்று மண்டப வாசலில் செயலாளர் துவானுக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார். மறுத்தால் மரியாதையில்லை என்று துவான் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"முடிஞ்சிச்சு லா. மாலை வாங்கிட்டாரு," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"மாலை மட்டுந்தானா?" என்றார் பக்கத்திலிருந்தவர்.

விசாரணை வேண்டுபவர்கள் கைதூக்கலாம் என்று துவான் மலாயில் சொன்னார். அக்காவின் கை பாதி எழுந்தது.

"என்னக்கா, எதாச்சும் வேணுமா?" செயலாளர் சிரித்தபடி கேட்டார்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் வரிசையில் எல்லாரும் குனிந்திருந்தார்கள்.

"காத்தாடியக் கொஞ்சம் வேகமா வைங்க," என்றாள். கூட்டம் சிரித்தது.

காரில் துவான், ஏன் யாரும் கேட்கவில்லை என்றார். மாலையை வாங்கினால், போட்டவர் பக்கம் சேர்ந்துவிட்டதாக எங்கள் ஆட்கள் நினைப்பார்கள் என்றேன்.

"மரியாதைக்குத்தானே வாங்கினேன்," என்றார். உண்மைதான். அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாமல் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த கூட்டத்திலாவது கேள் என்று அக்காவிடம் மன்றாடினேன். "துவான் நல்லவரு அக்கா, சத்தியமா."

"இருக்கட்டும் தம்பி. அவரு மாத்தலாகிப் போயிருவாரு. செயலாளரு எங்க போவாரு? நாளைக்கு எம் மவன் கல்யாணத்துக்கு மண்டபம் அவருகிட்டதான கேக்கணும்."

"அப்ப வீடு?"

அடுத்த வாரம் அக்கா தெங்கேராப் பக்கம் ஒரு சீனர் வீட்டுக்குத் துணி துவைக்கப் போகத் தொடங்கினாள்.