லேம்ப் ரூம் தங்கவேலு மேல் விழுந்த பழி

என் கணவர் தங்கவேலுவைத் திருடன் என்று பிரதாப் சொன்னது தாமோதரன் டீக்கடையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், எட்டுப் பேர் எதிரில். அவர் வீடு வந்து சேர்வதற்குள் அந்தச் சொல் குழாயடிக்கு வந்துவிட்டது.

"இன்னா நளினி, உங்க வீட்டுக்காரரு சார்ஜுக்கு வர்ற பேட்டரியிலேர்ந்து நல்ல பிளேட்டை உருவிட்டுப் பழசை வெக்கிறாராமே?" என்று சரோஜம்மா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லாத பதிலெல்லாம் நெஞ்சுக்குள் எரிந்தது.

அவர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தின் லேம்ப் ரூமில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். ஷிப்டுக்கு இறங்குகிறவன் டோக்கனைக் கொடுத்துவிட்டுத் தலைவிளக்கையும் இடுப்பில் கட்டும் பேட்டரியையும் வாங்கிப் போவான். ஏறி வந்ததும் விளக்கைக் கொடுத்து டோக்கனை வாங்குவான். விளக்கு திரும்பவில்லை என்றால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். கீழே விளக்கு அணைந்துபோனவன், இன்னொருவன் வருகிறவரை உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதனால் மங்கலான பேட்டரி ஒன்றைக்கூட இவர் ஜன்னலைத் தாண்ட விட்டதில்லை. ஆட்களைக் கீழே இறக்கும் கேஜ் காத்திருக்கிறது என்று யார் கத்தினாலும், இவர் அதைவிட உரக்கக் கத்துவார்.

ஒவ்வொரு ஷிப்டும் முடிந்ததும் கேட்டில் நிறுத்தி உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள், தங்கம் எடுத்துப் போகிறார்களா என்று. டிபன் டப்பாவைக்கூடத் திறந்து காட்ட வேண்டும். இருபத்தாறு வருஷம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றவர். ஒரு நாளும் ஒன்றும் அகப்பட்டதில்லை. அப்படிப்பட்டவரைப் பார்த்துத்தான் பிரதாப் அந்தச் சொல்லைச் சொன்னான்.

தொண்ணூற்றேழில் விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். யாருடைய விருப்பம் என்று யாரும் கேட்கவில்லை. சுரங்கத்துப் பக்கத்தில், பாலகாட்டில், கம்பெனி கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு, பேட்டரி சார்ஜ் செய்து கொடுக்க ஆரம்பித்தார்.

பிரதாப் பெரிய தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என் கணவரைவிடப் பத்து வயது சின்னவன். ஆனாலும் "இன்னாப்பா தங்கவேலு" என்றுதான் கூப்பிடுவான். சுரங்கத்து வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை எங்கேயோ பிடித்து வந்து, துடைத்துத் துடைத்து வைத்திருந்தான். ஆறு வோல்ட் வண்டி. அதன் பேட்டரி இரண்டு மாதத்தில் மூன்று தடவை செத்தது. மூன்று தடவையும் பேட்டரியை மட்டும் கழற்றிக் கொடுத்தனுப்பினான். இவரும் சார்ஜ் ஏற்றி, ஆசிட்டை அளந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். சாயந்திரம் பொருத்தினால் காலையில் ஹார்ன்கூட அடிக்காது. நான்காவது தடவை செத்தபோதுதான் டீக்கடையில் அந்தப் பேச்சு.

அதைக் கேட்ட நாளிலிருந்து அவர் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. வேறு இரண்டு பேர் சார்ஜில் இருந்த தங்கள் பேட்டரிகளைப் பாதியிலேயே எடுத்துப் போனார்கள். அவர் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் கத்தினார். சாம்பாரில் உப்பு இல்லை என்றார், கதவை ஏன் திறந்து வைத்தாய் என்றார்.

புதன்கிழமை பிரதாப் வண்டியையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டான்.

"நாலாவது வாட்டிப்பா. எனக்கு வேற பேட்டரி குடு. இல்லாட்டி என் பிளேட்டைக் குடு."

"உன் பேட்டரி ஒரு நாள் பூரா என் பெஞ்சு மேல இருக்கட்டும். ஒரு புள்ளி எறங்கிச்சின்னா, நான் திருடன்னு நானே போர்டு எழுதி மாட்டிக்கிறேன்."

சார்ஜ் ஏற்றி, அப்படியே வைத்தார். மறுநாள் பிரதாப் வந்தபோது மீட்டர் முள் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. இவர் பேட்டரியை வண்டியில் பொருத்தி, "இப்ப இன்னா சொல்றே?" என்றார். அவன், "மீட்டரும் உன்னுதுதானே" என்றான். அதற்குப் பிறகு இருவரும் மாற்றி மாற்றிக் கத்தியது லைன் கோடியில் இருக்கும் இன்பராஜ் வீடு வரைக்கும் கேட்டது.

பொருத்தும்போது கொஞ்சம் ஆசிட் சிந்தியிருந்தது. சோடா மாவு கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து நான் துடைக்கப் போனேன். எஞ்சினுக்கு முன்னால் இருந்த டைனமோ மேல் என் கை பட்டது. சூடாக இருந்தது. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. நேற்றுத் தள்ளிக்கொண்டு வந்த வண்டி. யாரும் ஸ்டார்ட் செய்யவில்லை.

"ஏங்க, இது சுடுது."

"நீ உள்ள போ, நளினி."

"எஞ்சின் ஓடாமலே சுடுதுங்க. தொட்டுப் பாருங்க."

"உள்ள போன்னு சொன்னேன்ல."

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. துணியை அவர் காலடியில் எறிந்தேன்.

"மூணு வாட்டி பேட்டரியை வாங்கி வாங்கிக் குடுத்தீங்க. ஒரு வாட்டியாவது அந்தாள் வண்டியைப் போய்ப் பார்த்தீங்களா? இது லேம்ப் ரூமா, ஜன்னல்ல வாங்கி ஜன்னல்ல குடுக்கறதுக்கு?"

அவர் குனிந்து டைனமோவைத் தொட்டார். கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு ரெகுலேட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினார். எஞ்சின் ஓடும்போது சேர்ந்து, நின்றதும் பிரிய வேண்டிய பாயிண்ட் இரண்டும் கரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. டைனமோ பேட்டரிக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, நின்ற வண்டியில் பேட்டரியிலிருந்து டைனமோவுக்கு ராவெல்லாம் கரண்ட் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"இது தானா ஒட்டாது. பேட்டரியைத் தலைகீழா மாட்டினது யாரு?"

பிரதாப் தரையைப் பார்த்தான். "மொதல்ல ஒரு வாட்டி... மைனஸை பாடிக்குக் குடுத்து ஸ்டார்ட் பண்ணேன். பொகை வந்துச்சி. ஒடனே மாத்திட்டேன்."

"இது பழைய வண்டி, இதுக்கு பிளஸ்தான் பாடிக்கு. பொகை வந்ததை யார்கிட்டயாவது சொன்னியா?"

"சரி, விடுங்க. தெரியாம நடந்து போச்சி. சாரி."

அப்போதுதான் முதல் முறையாக 'விடுங்க' என்று மரியாதை வந்தது. என் கணவர் இரண்டு வயரையும் கழற்றிப் பேட்டரியை எடுத்துப் பெஞ்சு மேல் வைத்தார். பாயிண்டைத் தொடாமலே மூடியைத் திரும்பவும் மாட்டினார்.

"என் வாசல்ல நீ சொல்லவே வேணாம். எங்க சொன்னியோ அங்க சொல்லு. ஞாயித்துக்கெழம, ஆளுங்க இருக்கும்போது."

"ஒரு டீக்கடையில போயா?"

"திருடன்னு சொல்றதுக்கு மட்டும் டீக்கடை நல்லா இருந்துச்சா?"

அவன் பேட்டரி இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை தாமோதரனே வீட்டுக்கு வந்தார். "அண்ணே, மத்தியானம் அந்தாள் வந்தாரு. வண்டியிலதான் கோளாறுன்னு சொன்னாரு. போதுமில்ல?"

"மத்தியானம் கடையில யார் இருந்தாங்க?"

"நான் மட்டும்தான்."

"அப்ப போதாது."

தாமோதரன் என்னைப் பார்த்தார். நான் சமாதானம் சொல்வேன் என்று நினைத்திருக்கலாம். நான் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். நானும் பின்னாலேயே போய் எதிரே ரேஷன் கடைச் சுவரோரம் நின்றேன். பெஞ்சு நிறைய ஆள். பிரதாப் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். நிறுத்தினான். "பேட்டரியில ஒண்ணுமில்ல. தப்பு என் வண்டியிலதான்" என்றான்.

"யாரோட பேட்டரி? பேர் சொல்லு" என்றார் இவர்.

பிரதாப்புக்குக் காதெல்லாம் சிவந்துபோனது. "தங்கவேலு... தங்கவேலு அண்ணன் எதையும் எடுக்கல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. தாமோதரன் டீயை நீட்டினார். இவர் வாங்கவில்லை. வண்டியின் ஹேண்டிலைப் பிடித்து, "பின்னாடி புடி" என்று பிரதாப்பிடம் சொன்னார். இருவரும் எங்கள் வீடு வரை தள்ளிக்கொண்டு போனார்கள்.

பாயிண்டைப் பிரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பேட்டரியைப் பொருத்தி, வண்டியைக் கிளப்பி, நிறுத்தினார். பாயிண்ட் பிரிந்து நின்றது. பிறகு அரை மணி நேரம் காத்திருந்தார். "நளினி, நீ வந்து தொட்டுப் பாரு" என்றார்.

இத்தனை வருஷத்தில் வெளியாள் எதிரில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கோபம் அதனால் ஒன்றும் தணியவில்லை. தொட்டுப் பார்த்தேன். எஞ்சினும் டைனமோவும் ஒரே மாதிரி ஆறிக்கொண்டிருந்தன.

"சரியா கீது," என்றேன். "வண்டியை எடுத்துனு போகச் சொல்லுங்க."