கையை வீசிக்கொண்டு வருகிறவள்

இடது உள்ளங்கையில் ஒரு சட்டை, வலது உள்ளங்கையில் இன்னொரு சட்டை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் லேசாகத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள் என் மச்சினி. விடிந்தால் வெளியூர் கிளம்ப வேண்டும். "இது கனம்" என்று வலது கைச் சட்டையைக் கட்டிலில் எறிகிறாள். மற்றதைச் சுருட்டிப் பைக்குள் தள்ளுகிறாள். அவ்வளவுதான், மூட்டை கட்டியாகிவிட்டது. அந்தப் பையைப் பார்க்கிறவர்கள் தெருமுனைக்கு வெங்காயம் வாங்கப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

எடை மெஷின் பழுதுபார்ப்பது அவள் தொழில். மளிகைக் கடைத் தராசிலிருந்து லாரியையே ஏற்றி நிறுக்கும் மேடை வரைக்கும் பார்ப்பாள். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு ஊரில் இருப்பாள். கம்பெனியில் அவளுக்கு 'கிராம் மேடம்' என்று பெயர். எதைக் கண்டாலும் கையில் வைத்து, கண்ணை மூடி, எடை சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. எங்கள் வீட்டுப் பூனையைக்கூட ஒருநாள் அப்படித் தூக்கி, "அஞ்சு கிலோவைத் தொட்டுடுச்சு, சோத்தைக் குறைங்க அத்தான்" என்றாள். பூனைக்கு அன்றிலிருந்து அவளைக் கண்டாலே ஆகாது.

பைக்குள் மாற்றுத்துணி ஒன்று, பல் பிரஷ், ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், அப்புறம் சாம்பல் நிறத்தில் நீளமான பருத்தித் துணி ஒன்று. "சுத்திக்கிட்டா குளிருக்கு ஆச்சு. விரிச்சா பாய். மடிச்சா தலைகாணி. வேறென்ன வேணும்?" என்பாள். சோப்பாவது எடுத்துப் போயேன் என்று ஒருமுறை வாயைக் கொடுத்தேன். "ஏன், அந்த ஊர்க்காரன் குளிக்கவே மாட்டானா?" என்றாள். பை அவள் தோளை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. சாப்பிடும்போதும் அங்கேயேதான் தொங்கும். இறக்கி வைக்கச் சொன்னால், "இறக்கி வைக்கிற அளவுக்கு இது கனமா என்ன?" என்பாள்.

அவளுடைய அக்கா, அதாவது என் மனைவி, வேறு ஜாதகம். இரண்டு நாள் பயணம் என்றாலும் பெட்டி படுக்கையோடு வீட்டையே பெயர்த்து எடுத்து வருவாள். குடை, வெந்நீர்க் குடுவை, குடை கிழிந்தால் தைக்க ஊசிநூல். கேட்டால் ஒரே பதில்: "எதுக்கும் இருக்கட்டும்." அந்த 'எதுக்கும்' எல்லாம் என் முதுகெலும்பின் மேல்தான் உட்காரும் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தங்கைக்காரி சும்மா இருப்பாளா? "எதுக்கும் இருக்கட்டும்னு வச்சது எதுக்கும் ஆகாதுக்கா" என்பாள். அக்காவும் விடமாட்டாள். "நாலு பேர் இருக்கிற வீட்டுக்குக் கையை வீசிக்கிட்டு வந்து நிக்கிறியே, மானம் போகுதுடி!"

போன மாதம் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, அப்போது நடுக்கடலில் இருந்தார். சொன்ன தேதிக்கு முன்னாலேயே வலி கண்டுவிட்டது. போனில் பிள்ளை அழுதாள். "அம்மா, நீ பக்கத்துல இல்லாம நான் பிரசவ ரூமுக்கு உள்ள போக மாட்டேன்." இதெல்லாம் நம் கையிலா இருக்கிறது? மூன்று பெட்டி, இரண்டு மூட்டை, ஒரு குடுவையோடு நாங்களும், தோளில் பையோடு மச்சினியுமாக ரயில் ஏறினோம்.

பாதி வழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் போன சரக்கு வண்டி தடம் புரண்டு கிடக்கிறதாம், ராத்திரிக்கு முன்னால் நகராதாம். மனைவியின் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் பார்த்தால் மச்சினியைக் காணோம். மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"வெளியே ரொட்டி வேன் ஒண்ணு அந்த ஊருக்குத்தான் போகுது. டிரைவர் பக்கத்துல ரெண்டு பேர் உக்காரலாம். பெட்டிக்கு இடமே கிடையாதாம். வாக்கா, சீக்கிரம்!"

மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டாள். "குழந்தைக்கு எல்லாம் இதுலதான்டி இருக்கு. வெறுங்கையோட அவ முன்னாடி எப்படிடி போய் நிப்பேன்?"

"அவ பெட்டியையா வரச் சொன்னா? உன்னைத்தானே வரச் சொன்னா!"

மனைவி என்னைப் பார்த்தாள். "போ, பெட்டிக்கு நான் இருக்கேன்" என்றேன். எழுந்தவள் கை பழக்கதோஷத்தில் குடுவைக்குப் போனது. தங்கை அந்தக் கையைத் தட்டிவிட்டு இழுத்துக்கொண்டு இறங்கினாள். ஜன்னல் வழியே பார்த்தேன். கல்யாணமான நாளாக என் மனைவி ஓடி நான் பார்த்ததில்லை. பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் கையை வீசிக்கொண்டு ஓடினார்கள், ஐயோ, என்ன ஓட்டம்! நான் பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்திருந்தேன். எதிர் சீட்டுக்காரர் என்னை வியாபாரி என்று நினைத்து, பெட்டி இடுக்கில் எட்டிப் பார்த்த போர்வை என்ன விலை என்று கேட்டார்.

மறுநாள் காலையில் அத்தனையையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனால், மனைவி ஓடி வருகிறாள். "பேத்திங்க! உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டேன். அவ கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்."

அறையில் மகள் களைப்போடு சிரித்தாள். குழந்தை அந்தச் சாம்பல் நிறத் துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பூப்போட்டது, கட்டம்போட்டது என்று எங்கள் பெட்டிக்குள் இருந்த போர்வைகளை யாரும் கேட்கவே இல்லை. "சாமானெல்லாம் இப்பதான் வருதா?" என்றார் நர்ஸ். என் மனைவி பக்கத்தில் நின்ற தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். "எங்க வீட்டுல இவ கையை வீசிக்கிட்டுதான் வருவா. அதனாலதான் நான் நேரத்துக்கு வந்தேன்." அந்த வார்த்தையை அவள் பெருமையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

நான் பேத்தியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு மச்சினியிடம் நீட்டினேன். இரண்டு உள்ளங்கையிலும் வாங்கிக்கொண்டாள். வழக்கம்போல் கண்ணை மூடினாள். லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

"எவ்வளவுடி?" என்றாள் அக்கா.

கண்ணைத் திறந்தவள் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாள். பை நழுவி என் பெட்டிகளின் மேல் விழுந்தது. காலியான அந்தத் தோளில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டாள்.