பீட்சாவுக்குச் சால்னா

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. தெரியாத எண். படத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். உற்றுப் பார்த்தால் ஜெபா.

"ஏட்டி, எம்மவ மெட்ராஸ்ல காலேஜ் சேந்திருக்கா. அங்கன நல்ல பீட்சா எங்க கிடைக்கும்னு கேக்கா. ஒனக்குத்தான தெரியும்?"

அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் கழித்துப் பேசுகிறவள், இருக்கியா செத்தியா என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? நேரே பீட்சா. என் எண்ணை யாரிடம் வாங்கினாளோ, தெரியவில்லை.

வெளியே சாரல். நான் தென்காசிக்கே மாற்றல் வாங்கி வந்து பத்து வருஷமாகிறது. ஓர் ஆளுக்குச் சமைப்பது அலுப்பாக இருக்கும் நாட்களில் பரோட்டா வாங்கிக்கொள்வேன். அருவியில் குளித்துவிட்டுத் தலையில் ஈரத்தோடு கடைக்கு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அது மூழ்கும்வரை சால்னாவை ஊற்றச் சொல்வார்கள். கேட்கக்கூட வேண்டாம். வாளியோடு நிற்கிறவர் இலையைப் பார்த்தாலே ஊற்றிவிடுவார். மாவில் செய்த எதையும் எங்கள் ஊர்க்காரர்கள் உலர்ந்தபடி தின்ன மாட்டார்கள்.

இந்தக் குணத்தோடுதான் நானும் ஜெபாவும் வேலைக்காகச் சென்னைக்குப் போனோம், தனித்தனியாக. லேடீஸ் ஹாஸ்டலில் நான் அம்மாவோடு போனில் "அங்கனதான் வச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "ஏட்டி, நீ எந்த ஊரு?" அவள் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சுரண்டை. அன்றைக்கே அவள் கட்டிலை என் அறைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கு முந்தைய நாலு மாதம் நான் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசியதாக நினைவில்லை.

மாதத்தின் முதல் சனிக்கிழமை பீட்சா என்பது அவள் போட்ட சட்டம். பெரிய கண்ணாடிக் கடைகளுக்குள் போக இரண்டு பேருக்கும் பயம். உள்ளே ஆங்கிலத்தில் கேட்பார்களே! பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஆறு மேஜை போட்ட சின்னக் கடை இருந்தது. நடத்தியவர் புனலூர்க்காரச் சேட்டன். முதல் நாள் பீட்சா வந்ததும் ஜெபா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு சத்தமாகக் கேட்டாள்:

"அண்ணே, இதுக்குச் சால்னா?"

பக்கத்து மேஜைகள் எல்லாம் திரும்பின. நான் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். சேட்டன் சிரிக்கவில்லை. "குற்றாலம் பக்கமா வீடு?" என்று கேட்டார். வாலிபத்தில் சீசன் தவறாமல் செங்கோட்டை வழியாக வந்து, ஐந்தருவியில் குளித்து, பரோட்டா தின்றுவிட்டுப் போவாராம். அடுத்த மாதம் நாங்கள் உட்கார்ந்ததுமே இரண்டு எவர்சில்வர் கிண்ணங்களில் கோழிக் குழம்பு வந்தது. அப்புறம் ஒவ்வொரு மாதமும் வந்தது. பீட்சாவைப் பிய்த்துப் போட்டு ஊற்றிக்கொண்டோம். சீஸ் மேலே மிதக்கும். இத்தாலிக்காரன் பார்த்தால் கண்ணீர் விட்டிருப்பான். நாங்கள் காரத்தில் விட்டோம்.

அது நல்ல பீட்சாவா என்று என்னைக் கேட்காதீர்கள். வேறு பீட்சா நான் தின்றதே இல்லை.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. ஒரு சனிக்கிழமை அதே மேஜையில், வாயில் ஒரு துண்டை வைத்துக்கொண்டே ஜெபா சொன்னாள்: "எனக்கு முடிவாயிட்டுட்டி. மாப்பிள்ள குவைத்ல இருக்காவ. அடுத்த மாசம் நம்மூர்க் கோயில்லதான் கல்யாணம். நீ ஒரு வாரத்துக்கு முன்னாலயே வந்துரணும்."

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். "பாப்போம், லீவு கிடைக்கணும்லா" என்றேன். எனக்குக் கோபம். ஊரில் எல்லாம் பேசி முடித்துவிட்டு என்னிடம் கடைசியில் சொல்கிறாளே என்று. சென்னையில் எனக்கு அவளைத் தவிர யாரும் இல்லை. இதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக லீவு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஊருக்குப் போன பிறகு மூன்று முறை போன் செய்தாள். மூன்று முறையும் ஆபீஸில் ஆடிட் என்றேன்.

கல்யாணத்தன்று அரைநாள் லீவு போட்டேன். கேட்டவுடன் கொடுத்தார்கள். நேராகச் சேட்டன் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் வழக்கம்போல இரண்டு தட்டு, இரண்டு கிண்ணம் வைத்தார். "கூட்டுகாரி எவிடே?" என்று ஜெபாவைக் கேட்டார்.

"வருவா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேனோ! சேட்டன் பீட்சாவை அடுப்பில் வைக்காமல் காத்திருந்தார். யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தார். சுரண்டையில் அவள் மாலையும் கழுத்துமாக நிற்கிற நேரம் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் கதவைப் பார்த்தேன், வெட்கக்கேடு. ஒரு மணி நேரம் கழித்து, இனி வரமாட்டாள் போலிருக்கே என்று அவரே மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். எட்டுத் துண்டில் மூன்றைத் தின்றேன். எதிரிலிருந்த கிண்ணத்தை நான் தொடவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் அந்தச் சந்துப் பக்கம் நான் போகவில்லை. ஜெபா குவைத் போய்விட்டாள். ஒரு மன்னிப்புக் கேட்க எத்தனை வார்த்தை வேண்டும்? பத்தொன்பது வருஷமாகக் கிடைக்கவில்லை.

இன்று பல் தேய்த்த வாயோடு உட்கார்ந்து வழி எழுதினேன். டிப்போ, அதற்குப் பின்னால் சந்து, இடப்பக்கம் மூன்றாவது கடை. எதற்கும் போனில் மேப்பைத் திறந்து பார்த்தேன். கடை இல்லை. சந்தே இல்லை. ஏதோ பெரிய கட்டடத்தின் கார் நிறுத்துமிடம். சேட்டனைத் தேடலாமென்றால் அவர் பெயரை நாங்கள் கேட்டதே இல்லை.

எழுதியதை அழித்துவிட்டு, "அந்தக் கடை இப்ப இல்ல ஜெபா" என்று அனுப்பினேன். கை நிற்கவில்லை. "ஒன் கல்யாணத்துக்கு லீவு கிடைச்சிருக்கும். நாந்தான் கேக்கல" என்று அதையும் அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"தெரியும்ட்டி. ஒங்க ஆபீசுக்கு நானே போன் போட்டு லீவு குடுங்கன்னு கேட்டேன். அந்தப் புள்ள கேக்கவே இல்லியேன்னு சொன்னாவ. அதுக்கப்புறமும் ஒனக்கு ரெண்டு தடவ பேசுனேன்லா."

அதற்கும் கீழே இன்னொன்று: "சரி, வேற கடை பாத்துக்கிடச் சொல்லுதேன்."